விமானம் ஏறும் முன் ரகசிய எண்ணை மாற்றுங்கள்

வெளிநாடு செல்லும் வணிகர்களுக்கு ஒரு பாடம்



எண்ணெய், சோப்பு, பிஸ்கட், மசாலா என்று எந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டாலும், ஆண்டு இலக்கை எட்டிய விநியோகஸ்தரையும் கடைக்காரரையும் வெளிநாட்டுச் சுற்றுலா அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. சரக்கு எடுக்க வேப்பம்பட்டு ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிப் பாரிமுனை போய்த் திரும்புவதே பெரிய பயணமாக இருந்த நம்மில் பலர் இன்று மீனம்பாக்கத்தில் பாங்காக் விமானம் ஏறுகிறோம். சீனாவில் யிவூ மொத்தச் சந்தைக்கும் குவாங்சோ கண்காட்சிக்கும் நேரிலேயே போய்க் கொள்முதல் செய்வோரும் இருக்கிறார்கள்.

அப்படிப் போகிறவர் கையில் வங்கியோ நாணய மாற்று நிறுவனமோ ஒரு கார்டைக் கொடுத்து அனுப்புகிறது. இங்கே ரூபாயைக் கட்டினால் அதில் டாலராகவோ, பாத்தாகவோ, சிங்கப்பூர் வெள்ளியாகவோ பணம் ஏற்றித் தருவார்கள். அங்கே கடையிலும் ஏ.டி.எம்.மிலும் அதைப் பயன்படுத்தலாம். இதன் நான்கு இலக்க ரகசிய எண்ணை, அதாவது ‘பின் நம்பரை’, எப்போது, எங்கே, எப்படி மாற்றுவது என்பதே இந்தப் பாடம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு கட்டுரையா என்று நினைக்க வேண்டாம். நான் பட்ட பாட்டைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

பாங்காக்கில் பட்ட பாடு

2023-இல் ஒரு கம்பெனி எங்களை நாற்பது பேராகத் தாய்லாந்துக்கு அழைத்துச் சென்றது. பயணக் கார்டு வாங்கியிருந்தேன். ரகசிய எண் இருந்த ஒட்டிய உறையைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துவிட்டுப் புறப்பட்டு விட்டேன். கார்டு என்றால் எல்லாம் ஒரே எண்தானே என்ற நினைப்பு. பாங்காக்கில் முதல் நாள் இரவு எட்டரை மணிக்கு ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகி, என் சேமிப்புக் கணக்குக் கார்டின் எண்ணை அழுத்தினேன். தவறு என்றது. மறுபடியும் அழுத்தினேன். மூன்றாம் முறை வேறொரு எண்ணைக் குத்துமதிப்பாகப் போட்டேன். கார்டு முடங்கியது.

ஓட்டல் போனிலிருந்து வங்கியின் உதவி எண்ணைப் பிடித்தேன். புதிய எண் வைக்க வேண்டுமானால் பதிவு செய்த கைபேசிக்கு ஓ.டி.பி. வரும், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். பதிவு செய்திருந்ததோ கடை நம்பர். வாடிக்கையாளர்கள் அதில்தான் சாமான் பட்டியல் சொல்வார்கள் என்பதால் அந்தக் கைபேசியைக் கல்லா மேலேயே விட்டு வந்திருந்தேன். அங்கே எட்டரை என்றால் நம் ஊரில் ஏழு மணி. கடையில் கூட்டம் நெரியும் நேரம். மகனுக்குப் போன் செய்து, “ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுப்பா” என்றேன். வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒருவர் ஓ.டி.பி. கேட்கிறார் என்றதும் அவன் போனை வைத்துவிட்டான். மறுபடி அழைத்தேன். “எங்கப்பா ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க” என்று சொல்லி மறுபடியும் வைத்துவிட்டான். அவன் செய்தது முழுக்கச் சரி. அப்படிச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். தராசுக்கு முத்திரை போட வந்தவர் போன மாதம் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பதை மூன்றாம் அழைப்பில் சொன்ன பிறகே என்னை அப்பா என்று நம்பினான். அதற்குள் ஓ.டி.பி. காலாவதியாகி விட்டது. மறுநாள் வரை சக வியாபாரி ஒருவரிடம் பாத் கடன் வாங்கித்தான் காலம் தள்ளினேன்.

இதில் வங்கியின் குற்றம் ஒன்றுமில்லை. இங்கே இருந்தபோது பத்து நிமிடத்தில் முடிந்திருக்கக் கூடிய வேலையை நான் செய்யாமல் போனதுதான் குற்றம்.

இரண்டாவது கையெழுத்து

வெளியூருக்குப் பணத்தைச் சுமந்து போகாமல் சீட்டைக் கொண்டு போவது வணிகர் குலத்துக்குப் புதிதல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் உண்டியல் எழுதித் தொழில் செய்தவர்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 1891-இல் டிராவலர்ஸ் செக்கைக் கொண்டு வந்தது. பெரியவர்கள் சிலர் அதைக் கையாண்டிருப்பீர்கள். வாங்கும்போது வங்கி அதிகாரி முன் ஒரு கையெழுத்து, செலவழிக்கும்போது காசாளர் கண்ணெதிரே இன்னொரு கையெழுத்து. இரண்டும் பொருந்தினால்தான் பணம். இன்றைய கார்டில் ரகசிய எண்தான் அந்த இரண்டாவது கையெழுத்து. ஒட்டிய உறையில் வரும் எண் யாரோ போட்டுக் கொடுத்த கையெழுத்து. நீங்களாக மாற்றிக் கொள்வதே உங்கள் சொந்தக் கையெழுத்து.

எண் ஏன் நான்கு இலக்கம் என்பதற்கு ஒரு சுவையான கதை உண்டு. 1967 ஜூன் 27 அன்று லண்டன் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி நிறுவிய பணம் தரும் இயந்திரத்தை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்ட்-பேரன். இவர் பிறந்தது நம் ஷில்லாங்கில். ஆறு இலக்கம் வைக்கலாம் என்று எண்ணியிருந்தாராம். சாப்பாட்டு மேசையில் மனைவியைக் கேட்க, அந்த அம்மாள் தனக்கு நான்கு எண்தான் நினைவில் நிற்கும் என்றாராம். அவரே சொன்ன கதை இது. ரகசிய எண்ணுக்கு 1966-லேயே காப்புரிமை கோரியவர் ஜேம்ஸ் குட்ஃபெல்லோ என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

உங்கள் எண் வங்கி ஊழியருக்குத் தெரியாது. நீங்கள் அழுத்தும் எண் இயந்திரத்திலேயே மறை எழுத்தாக மாறி வங்கிக் கணினிக்குப் போய், அங்கே சரிபார்க்கப்பட்டு, சரி அல்லது தவறு என்ற விடை மட்டும் திரும்பி வருகிறது. ஆகவே “சரிபார்க்க வேண்டும், உங்கள் பின் நம்பரைச் சொல்லுங்கள்” என்று போனில் ஒருவர் கேட்டால் அவர் வங்கிக்காரர் அல்லர்.

மாற்றும் வழிகள்

சாதாரண வங்கிக் கார்டு என்றால் தெருமுனை ஏ.டி.எம்.மிலேயே எண்ணை மாற்றி விடுவோம். பயணக் கார்டில் அந்தப் பழக்கம் செல்லாது. இது வெளிநாட்டில் செலவழிப்பதற்கென்றே தரப்படுவது. இந்தியாவிலும், நேபாளம், பூட்டானிலும் இதில் பணம் எடுக்க முடியாது. ஆகவே வேப்பம்பட்டிலோ திருவள்ளூரிலோ கண்ணில் பட்ட ஏ.டி.எம்.மில் செருகிப் பார்த்துப் பயனில்லை. சில வங்கிகள் தங்கள் சொந்த ஏ.டி.எம்.மில் மட்டும் எண் மாற்ற வசதி தருகின்றன. அந்த வசதி உண்டா என்று கார்டு வாங்கும்போதே கேட்டுக் கொள்ளுங்கள்.

பரவலாக உள்ள வழி, கார்டு கொடுத்த வங்கியின் பயணக் கார்டு இணையதளம் அல்லது கைபேசிச் செயலி. உங்கள் சேமிப்புக் கணக்கைப் பார்க்கும் செயலியில் இந்தக் கார்டு தெரியாமல் இருக்கலாம். பல வங்கிகளில் இதற்குத் தனி நுழைவு உண்டு. வங்கி கொடுத்த தாளில் உள்ள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். தேடுபொறியில் வரும் முதல் இணைப்பை அமுக்கியோ, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய இணைப்பைப் பிடித்தோ போகாதீர்கள். வங்கியின் பெயரிலேயே போலித் தளங்கள் நடக்கின்றன. உள்ளே போனதும் கார்டைத் தேர்ந்தெடுத்து, ‘பின் மாற்று’ அல்லது ‘பின் உருவாக்கு’ என்ற இடத்துக்குப் போக வேண்டும். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யை இட்டு, புதிய எண்ணை இரண்டு முறை பதிய வேண்டும். மாற்றப்பட்டதாகக் குறுஞ்செய்தி வரும் வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் கார்டின் பின்புறம் அச்சிட்ட உதவி எண்ணுக்குப் பேசி, அதில் வரும் தானியங்கிக் குரல் சொல்கிறபடி எண்களை அழுத்தியும் பல வங்கிகளில் மாற்றலாம். அங்கேயும் எண்ணை அழுத்துவீர்களே தவிர வாயால் சொல்ல மாட்டீர்கள்.

நம்மவர்கள் போட்டுக் குழப்பிக் கொள்ளும் இடம் ஒன்று உண்டு. செயலிக்குள் நுழையும் கடவுச்சொல் கடையின் ஷட்டர் சாவி போன்றது. ரகசிய எண் கல்லாப் பெட்டியின் சாவி. ஷட்டர் சாவியை மாற்றினால் கல்லாச் சாவி மாறாது. யு.பி.ஐ.க்கு நீங்கள் போடும் எண் வேறொரு பெட்டியின் சாவி, அதற்கும் இந்தக் கார்டுக்கும் தொடர்பே கிடையாது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் ‘பின்’ மாறிவிட்டது என்று நினைத்துப் புறப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

சில உறைகளில் இரண்டு கார்டுகள் இருக்கும். ஒன்று தொலைந்தால் மற்றொன்று உதவும். இரண்டுக்கும் ஒரே எண்ணா, தனித்தனியா என்பது வங்கிக்கு வங்கி மாறும். கேட்டு, தேவைப்பட்டால் இரண்டையுமே மாற்றுங்கள். இரண்டையும் ஒரே பர்சில் வைப்பதைவிட வைக்காமல் இருப்பதே மேல்.

இவற்றையெல்லாம் பயணத்துக்கு மூன்று, நான்கு நாட்கள் முன்பே முடித்துவிட வேண்டும். பணம் ஏற்றி, கார்டு உயிர் பெறவே சில வேளை ஒரு நாள் ஆகிறது. விமான நிலையத்து வரிசையில் நின்றுகொண்டு செய்கிற வேலை அல்ல. முக்கியமாக, பதிவு செய்யும் கைபேசி எண் உங்களோடு விமானம் ஏறப் போகும் எண்ணாக இருக்கட்டும். அந்த சிம்முக்கு அயல்நாட்டு ரோமிங் வசதியைப் போட்டு வையுங்கள். அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கினாலும் நம் சிம்மைக் கழற்றி எறிந்துவிட வேண்டாம். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

குழுவாகப் போகும்போது இன்னொரு வம்பு. நாற்பது பேர் கார்டையும் ஏஜெண்டே மொத்தமாக வாங்கி வருவார். “எல்லாருக்கும் ஒரே நம்பராப் போட்டுட்டேன் சார், மறக்காம இருக்கும்” என்று பெருமையாகச் சொல்வார். உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் அன்று இரவே எண்ணை மாற்றுங்கள். கார்டு வாங்கும்போது உங்கள் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும்தான் பதிவாகி இருக்கின்றனவா, ஏஜெண்டுடையதா என்றும் பார்த்து விடுங்கள். அவருடைய எண் இருந்தால் நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் ஓ.டி.பி. அவரிடம்தான் போகும்.

எந்த எண்?

நான்கு இலக்கத்தில் மொத்தம் 10,000 எண்கள் அமைக்கலாம். திருடனுக்கு மூன்று வாய்ப்பு என்றால், பத்தாயிரத்தில் மூன்று. இது நல்ல பாதுகாப்பு, ஆனால் எல்லோரும் எண்களைக் கலந்து வைத்தால்தான். நிக் பெர்ரி என்பவர் வெளியே கசிந்த 34 லட்சம் நான்கு இலக்கக் கடவு எண்களை 2012-இல் ஆராய்ந்தார். 1234 வைத்தவர்கள் மட்டும் 100-க்கு 10 பேருக்கு மேல். 1111 வைத்தவர்கள் 6 பேர். 0000 ஏறத்தாழ 2 பேர். ஆக, இந்த மூன்றை மட்டும் போட்டுப் பார்க்கும் திருடன் நூற்றில் 18 பெட்டிகளைத் திறந்து விடுகிறான்.

நம் வணிகர்கள் 1234 வைப்பதில்லை. அதற்குப் பதில் வண்டி நம்பர், கடை கைபேசியின் கடைசி நான்கு, மகன் பிறந்த ஆண்டு, கடை ஆரம்பித்த ஆண்டு இவற்றில் ஒன்றை வைக்கிறார்கள். கடை ஆரம்பித்த ஆண்டு பெயர்ப் பலகையில் இருக்கிறது. கைபேசி எண் பில்லில் அச்சாகி இருக்கிறது. பர்ஸ் தொலையும்போது கார்டோடு ஓட்டுநர் உரிமமும் சேர்ந்தே போகிறது, அதில் பிறந்த தேதி இருக்கிறது.

நான் கையாளும் வழி இது. உங்களுக்கு மட்டும் பழக்கமான ஒரு வாக்கியத்தை நான்கு சொற்களில் அமைத்துக் கொண்டு, ஒவ்வொரு சொல்லிலும் எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள். ‘அம்மா வைத்த புளிக்குழம்பு மணக்கும்’ என்றால் 3, 3, 7, 5. எண் மறந்தாலும் குழம்பு மறக்காது. (தயவுசெய்து யாரும் இதே 3375-ஐ வைத்துவிட வேண்டாம். இந்த இதழ் எல்லாக் கடைக்கும் போகிறது!)

எழுதி வைக்கலாமா என்று கேட்பார்கள். துணிக்கடைகளில் அடக்க விலையைக் குறியெழுத்தில் எழுதி வைப்பதுபோல, ரகசிய எண்ணைப் பொய்யான ஒரு போன் நம்பருக்குள் ஒளித்துக் கைபேசியில் பதிந்து வைப்போர் உண்டு. ‘பேங்க் மாமா’ என்ற பெயரில் பதிந்திருந்தால் திருடனுக்கும் அந்த மாமா யார் என்று தெரியும். எழுதாமல் இருக்கவே முடியாதவர்கள் வீட்டிலுள்ள நம்பிக்கையான ஒருவரிடம் அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லி வையுங்கள்.

இன்னொரு சங்கதி, நமக்கென்றே உள்ளது. நாள் முழுதும் கால்குலேட்டரும் பில்லிங் கம்ப்யூட்டரும் தட்டுகிறவர்களுக்கு எண் மனதில் நிற்பதைவிட விரலில்தான் நிற்கும். கால்குலேட்டரில் 7, 8, 9 மேல் வரிசை. ஏ.டி.எம்.மிலும் ஸ்வைப் மெஷினிலும் 1, 2, 3 மேல் வரிசை. 1793 என்று விரலால் பழகியவர் அங்கே பார்க்காமல் அழுத்தினால் 7139 விழும். மூன்று முறை அப்படியே விழுந்தால் கார்டு முடங்கும். புதிய எண்ணைச் சத்தமில்லாமல் சொல்லிச் சொல்லிப் பழகுங்கள்.

அங்கே போய் இறங்கியதும்

முதல் முறை பயன்படுத்துவதை ஓட்டல் சாப்பாட்டு பில்லில் வைத்துக் கொள்ளாமல், விமான நிலையத்திலுள்ள வங்கி ஏ.டி.எம்.மில் வைத்துக் கொள்வது நல்லது. இதற்குக் காரணம் உண்டு. சில வகைக் கார்டுகளில் எண்ணைச் சரிபார்க்கும் வேலையைக் கார்டில் உள்ள சிப்பும் செய்கிறது. இணையத்தில் நீங்கள் மாற்றிய எண் வங்கிக் கணினிக்குத் தெரிந்திருக்கும், சிப்புக்குத் தெரிந்திருக்காது. ஏ.டி.எம்.மில் ஒரு முறை போட்டால் வங்கியிலிருந்து செய்தி வந்து சிப்பிலும் எண் புதுப்பிக்கப்படும். எண் தவறு என்று இரண்டு முறை வந்தால் மூன்றாம் முறை போடாதீர்கள். நிறுத்தி, கார்டை எடுத்துக்கொண்டு, உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அந்த எண் கார்டின் பின்புறத்தில் மட்டும் இருந்தால் போதாது, கார்டே தொலைந்தால் எங்கே பார்ப்பது? தனியாக எழுதி வையுங்கள்.

ஏ.டி.எம்.மில் அடிக்கடி சிறு தொகை எடுப்பதும் நஷ்டம். தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாத்துக்கு மேல் பிடித்துக் கொள்கிறார்கள். இயந்திரமோ கடைக்காரரோ “ரூபாயில் கணக்கிடட்டுமா?” என்று கேட்டால், வேண்டாம், உள்ளூர் நாணயத்திலேயே போடுங்கள் என்று சொல்லுங்கள். நம் ரூபாயைப் பார்த்ததும் வரும் பாசத்துக்கு அவர்கள் வைக்கும் விலை அதிகம்.

சீனா போகிறவர்கள் கவனத்துக்கு: அந்நாட்டு வங்கிக் கார்டுகளுக்கு ரகசிய எண் ஆறு இலக்கம். நம் நான்கு இலக்கத்தை அங்கே எப்படிப் போடுவது, எந்த வங்கி ஏ.டி.எம்.மில் போடுவது என்று புறப்படும் முன்பே உங்கள் வங்கியில் கேட்டுக் கொண்டு போங்கள்.

எண்ணை அழுத்தும்போது மறு கையால் மறையுங்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்களே, அதேதான். பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் தப்பாக நினைக்க மாட்டார்.

தொலைந்தால் யார் பொறுப்பு?

செயலியில் கார்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு உதவி எண்ணுக்குச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக் குறித்துக் கொள்ளுங்கள். நேரமும் குறியுங்கள், ஏனென்றால் கணக்கே நேரத்தில்தான் இருக்கிறது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று அனுப்பிய சுற்றறிக்கை வகுத்த முறை இது: வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வெளியார் செய்த மோசடி என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை. ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே பிறரிடம் சொல்லி அதனால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது முழுதும் அவர் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஏஜெண்டு போட்ட பொது எண்ணை மாற்றாமல் வைத்திருந்தவர் எந்தப் பக்கம் வருவார் என்று வாதாடிக் கொண்டிருப்பதைவிட மாற்றிவிட்டுப் போவது சுலபம். ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால், ஊரில் இருப்பவர்கள் மூலம் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் உடனே புகார் பதியச் செய்யலாம்.

ஊர் திரும்பிய பிறகு கார்டை மறந்துவிடாதீர்கள். மீந்த பணத்தை அதிலேயே விட்டு வைத்தால் சில வங்கிகள் காலம் கடந்ததும் கட்டணம் பிடிக்கின்றன. செலவாகாத அந்நியச் செலாவணியைத் திரும்பிய 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. 2,000 டாலர் வரை அடுத்த பயணத்துக்கென்று வைத்துக் கொள்ளலாம். அப்படி வைத்துக் கொண்டால், அடுத்த முறை புறப்படும் முன் கார்டின் காலாவதித் தேதியையும் பார்த்துவிட்டு, எண்ணை மீண்டும் ஒருமுறை மாற்றிக் கொள்ளுங்கள். போன முறை வைத்த வாக்கியம் எந்தக் குழம்பைப் பற்றியது என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு.